இரண்டு தெரு தாண்டாத காசு

அரசர்களுக்குச் சில்லறை என்றாலே இளக்காரம். தங்கத்தில் தன் முகத்தைப் பார்க்க ஆசைப்படாத அரசர் கிடையாது. கால் பென்னியில் தன் தலை உருள்வதை விரும்பிய அரசரும் அநேகமாகக் கிடையாது. பிரான்சும் ஸ்பெயினும் செம்புக் காசுக்கு இறங்கிவந்து வெகுகாலம் ஆன பிறகும், இங்கிலாந்து அரண்மனை வெள்ளிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று விறைப்பாக நின்றது. அந்த விறைப்பின் பலனாக, 1648-க்கும் 1672-க்கும் இடைப்பட்ட காலத்தில் அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. மளிகைக்காரர், மெழுகுவர்த்தி வார்ப்பவர், ரொட்டிக்கடைக்காரர், மதுக்கடை நடத்திய விதவை என்று ஆளாளுக்குத் தத்தம் பெயரில் காசு அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். அரசாங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

இந்தக் காசுகளைச் சேகரிப்பவர்களிடம் ஒரு பரவசம் உண்டு. சாமானியர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே படைத்துக்கொண்டார்கள், அரசு கைவிட்ட இடத்தில் அக்கம்பக்கத்து நம்பிக்கை வேலை செய்தது என்பார்கள். நானும் அவற்றை விரும்பிப் பார்ப்பவன்தான். ஆனால் அந்தப் பரவசத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. மீதிப் பாதிக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வாய்ப்பாடு. அன்றைய இங்கிலாந்தில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு 4 ஃபார்த்திங். நாட்டுப்புறக் கூலியாள் ஒருவரின் நாள் சம்பளம் ஒரு ஷில்லிங்கைத் தாண்டுவது அரிது. லண்டன் காப்பிக் கடையில் ஒரு பென்னி கொடுத்தால் ஒரு கிண்ணம் காப்பி. அப்படியென்றால் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் பால், ஒற்றை மெழுகுவர்த்தி என்று ஏழை வீட்டில் அன்றாடம் வாங்கும் எதுவும் ஒரு பென்னியை எட்டாது. அரையும் காலும் இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அரையையும் காலையும் வெள்ளியில் அடிக்க முடியாதா? அடித்தார்கள். முதலாம் எலிசபெத்தின் கடைசிக் காலத்து வெள்ளிப் பென்னியின் எடை அரை கிராம். அதன்படி அரைப் பென்னி கால் கிராம். அதை வெள்ளிச் செதில் என்பதுதான் பொருத்தம். காய்த்துப்போன விரல்களுக்கு இடையே நிற்காது, தரையில் விழுந்தால் கிடைக்காது. ஃபார்த்திங்கை அதே வெள்ளியில் அடித்தால் கிராமில் எட்டில் ஒரு பங்குதான் வரும். வெள்ளி ஃபார்த்திங் ஆறாம் எட்வர்டின் காலத்தோடு, அதாவது 1553-க்குள், நின்றுபோயிருந்தது.

எலிசபெத்தின் ஆட்கள் ஒரு சாமர்த்தியம் செய்து பார்த்தார்கள். ஃபார்த்திங்கை அடிக்க முடியாது. சரி, முக்கால் பென்னியை அடித்தால்? ஒரு ஃபார்த்திங் பொருளுக்கு ஒரு பென்னியைக் கொடுத்துவிட்டு முக்கால் பென்னியை மீதியாக வாங்கிக்கொள்ளலாம். 1561-இல் முக்கால் பென்னியும் ஒன்றரைப் பென்னியும் வந்தன. மற்றக் காசுகளோடு குழம்பாமல் இருக்க, ராணியின் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாவை வைத்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஒரு ஃபார்த்திங்கைச் செலவழிக்கக் கையில் ஒரு முழுப் பென்னி இருந்தாக வேண்டும், கடைக்காரரிடமும் முக்கால் பென்னி இருந்தாக வேண்டும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சுமார் இருபது ஆண்டுகளில் அந்த முயற்சி நின்றது.

இதற்கெல்லாம் அடியில், விறைப்பைவிடச் சாதாரணமான ஒரு காரணமும் இருந்தது. நாணயச்சாலைக்கு வருமானம் எடைக் கணக்கில். ஒரு ராத்தல் வெள்ளியை 62 ஷில்லிங் காசுகளாக அடிக்கலாம், அல்லது 744 பென்னிகளாக அடிக்கலாம். வெள்ளி அதே வெள்ளி. உழைப்போ பன்னிரண்டு மடங்கு. எந்தத் தொழிலாளி பென்னி அடிக்க முன்வருவார்? ஏழையின் காசு அரசருக்கும் வேண்டாம், அதை அடிக்கும் தட்டாருக்கும் வேண்டாம்.

ஆகவே கடைக்காரர்கள் ஈயத்துக்குப் போனார்கள். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஒரு கோடோ பூவோ எழுத்தோ பதித்த துண்டுகளை மீதிச் சில்லறையாகக் கொடுத்தார்கள். லண்டனில் மட்டும் சுமார் மூவாயிரம் சில்லறை வியாபாரிகள் இப்படி ஈயக் காசு வார்க்கிறார்கள் என்று, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய ஏடுகளைச் சேகரித்த சர் ராபர்ட் காட்டனின் காகிதங்களில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அந்த மதிப்பீட்டுக்குப் பின்னால் இருந்த எண்ணம் தெளிவானது: இத்தனை லாபம் கடைக்காரர் கைக்குப் போகிறதே, அரசர் கைக்கு வரக்கூடாதா?

1613-இல் வந்தது. வந்த விதம் அந்தக் காலத்து அரசவைக்கே உரியது. முதலாம் ஜேம்ஸ் தன் மகள் எலிசபெத்தை ஜெர்மனியின் பாலட்டினேட் சிற்றரசருக்குக் கட்டிக்கொடுத்தார். இளவரசியை வளர்த்தவரும் புகுந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றவரும் எக்ஸ்டனின் ஹாரிங்டன் பிரபு. அந்தச் செலவில் அவர் கடனில் மூழ்கினார். ஈடுகட்ட அரசரிடம் ரொக்கம் இல்லை. பதிலாக, செம்பு ஃபார்த்திங் அடிக்கும் ஏகபோக உரிமையை எழுதிக் கொடுத்தார், லாபத்தில் தனக்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டு. மகள் கல்யாணக் கடன் நாட்டின் ஏழைகள் தலையில் சில்லறையாக இறங்கியது. ஹாரிங்டன் அந்த லாபத்தை அனுபவிக்கவில்லை. இளவரசியை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். அடுத்த பிப்ரவரியில் மகனும் போய்விட்டார். உரிமை லெனாக்ஸ் டியூக்குக்குப் போனது, பிறகு ரிச்மண்ட் டச்சஸுக்கு, பிறகு மால்ட்ராவர்ஸ் பிரபுவுக்கு. கை மாறிக்கொண்டே இருந்தது, காசு மட்டும் மாறவில்லை: அரை கிராம்கூட இல்லாத மெல்லிய செம்புத் தகடு. முகப்பில் கால் பென்னி. உள்ளே இருக்கும் செம்போ அதில் ஒரு சிறு பங்குகூடப் பெறாது.

மொத்தமாக வாங்குபவர்களுக்கு 20 ஷில்லிங் வெள்ளிக்கு 21 ஷில்லிங் பெறுமான ஃபார்த்திங் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அந்த ஒரு ஷில்லிங் லாபத்துக்காக மூட்டை மூட்டையாக வாங்கிக் கூலியாட்களிடம் தள்ளினார்கள். வாரச் சம்பளம் முழுவதையும் இந்தத் தகடுகளில் வாங்கிய மனிதர் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? வீட்டு வாடகைக்கு வெள்ளி கேட்பார்கள், வரிக்கு வெள்ளி கேட்பார்கள். திருப்பிக் கொடுத்து மாற்றப் போனால், கள்ளக் காசு கலந்திருக்கிறது என்று தட்டிக்கழித்தார்கள். அது பொய்யும் அல்ல, அத்தனை லேசான காசைப் போலியாகச் செய்வது எளிது. அதைத் தடுக்க 1636-இல் செம்புக்கு நடுவே ஒரு சிறு பித்தளைத் துண்டைப் பொதிந்து ரோஜா ஃபார்த்திங் என்று ஒன்றை வெளியிட்டார்கள். இந்தப் பித்தளைத் துண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதன் உறவினர் ஒருவர் வருவார்.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு 1644-இல் நாடாளுமன்றம் இந்த ஏற்பாட்டை நிறுத்தியது. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. நாணயம் அடிப்பது அரசரின் தனியுரிமை என்றால், அரசரே இல்லாதபோது அது யாருடைய உரிமை? புதிய குடியரசு செம்பிலும் வெள்ளீயக் கலவையிலும் சில மாதிரி ஃபார்த்திங்குகளை அடித்துப் பார்த்தது. பிறகு ஆட்சித் தலைவராக வந்த கிராம்வெல்லின் மாதிரி ஒன்றில் தருமமும் சில்லறையும் என்ற பொருளில் ஒரு வாசகம்கூட இருந்தது. மாதிரிகள் மாதிரிகளாகவே நின்றன. தருமமும் வரவில்லை, சில்லறையும் வரவில்லை.

கடைக்காரர்கள் காத்திருக்கவில்லை. இப்படிக் கடைக்காரர் அடித்த காசுக்கு டோக்கன் என்று பெயர்; 1648, 1649 ஆகிய ஆண்டுகளைத் தாங்கியவைதான் தொடக்கம். முதலில் லண்டனில், பிறகு மாவட்ட நகரங்களில், பிறகு வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய கிராமங்களில். வில்லியம் பாய்ன் என்பவர் 1858-இல் இவற்றைத் தொகுத்தபோது 9,000 வகைகளுக்கு மேல் இருந்தன. அடுத்த தலைமுறையில் வில்லியம்சன் அந்தத் தொகுப்பை விரித்தபோது 12,000-ஐத் தாண்டியது. இவை காசுகளின் எண்ணிக்கை அல்ல, காசு வகைகளின் எண்ணிக்கை. உலகில் வேறெந்த நாட்டிலாவது இத்தனை பேர் ஒரே தலைமுறையில் காசு வெளியிட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

என்னிடம் அப்படிப்பட்ட ஃபார்த்திங் டோக்கன் ஒன்று இருக்கிறது. மண்ணிலிருந்து எடுத்தது, விலை அதிகமில்லை. குறுக்களவு 16 மில்லிமீட்டர், எடை ஒரு கிராமை ஒட்டி. வட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் ஒரு பக்கம் கத்தரித்ததுபோல் தட்டையாக இருக்கிறது. தகட்டை வெட்டியவருக்கு அவசரம். எழுத்துகள் விளிம்பை ஒட்டி ஓடுகின்றன. ஊரின் பெயரும் கடைக்காரரின் பெயரும் இருந்த இடத்தை மண் தின்றுவிட்டது. நடுவிலுள்ள மூன்று எழுத்துகள் மட்டும் தப்பித்திருக்கின்றன. மேலே பி, கீழே இடப்புறம் டி, வலப்புறம் எம்.

இந்த மூன்று எழுத்துகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து. கீழே இடப்புறம் கணவரின் பெயர், வலப்புறம் மனைவியின் பெயர். மணமான பெண்ணுக்குத் தனியாகச் சொத்தோ வியாபாரமோ இருப்பதாக நாட்டின் பொதுச்சட்டம் ஒப்புக்கொள்ளாத காலம் அது; கணவருக்குள் மனைவி அடக்கம் என்பதுதான் அதன் விதி. ஆனால் கடையில் நின்று எண்ணெயும் மாவும் அளந்து கொடுத்தவர் யார் என்பது தெருவுக்குத் தெரியும். காசை நம்பிக் கொடுக்கவும் வாங்கவும் வேண்டுமானால் தெருவுக்குத் தெரிந்த இரண்டு பேரும் அதில் இருக்க வேண்டும். சட்டம் தராத இடத்தைப் பித்தளை தந்தது. இரண்டே எழுத்துகள் இருந்தால், வெளியிட்டவர் அநேகமாக மணமாகாதவர் அல்லது துணையை இழந்தவர். விதவைகள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வெளியிட்ட டோக்கன்களும் உண்டு.

என்னுடைய டோக்கனின் எம் யார்? மேரியா, மார்கரெட்டா, மார்த்தாவா? ஊர்ப் பெயர் படிக்க முடிந்திருந்தால் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் ஒரு பக்கம். 1662-இல் தொடங்கிய அடுப்பு வரிப் பட்டியல்கள் இன்னொரு பக்கம். அடுப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் என்று வீடு வீடாக எண்ணி வரி போட்டார்கள். டோக்கனில் உள்ள பெயரை இந்தப் பட்டியல்களில் கண்டுபிடித்து, இவர் வீட்டில் மூன்று அடுப்பு, எனவே நடுத்தர வசதி என்று சொல்லும் உள்ளூர் ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் ஏராளம். அரசர்களின் வரலாற்றைவிட இந்த வேலை எனக்குச் சுவையாகத் தெரிகிறது. மூன்று அடுப்பு வைத்திருந்த ஒரு மளிகைக்காரரின் மனைவி பெயர் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு யாருக்குத் தெரிந்திருக்கப் போகிறது?

மறுபக்கத்தில் பெரும்பாலும் ஒரு சின்னம். கதவு எண் இல்லாத காலம்; லண்டனில் கடைகளுக்குப் பரவலாக எண் போடத் தொடங்கியதே 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். முகவரி என்றால் தொங்கும் பலகைதான்: சிவப்புச் சிங்கம், சூரியன், மூன்று பீப்பாய். படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். அந்தப் பலகையின் படத்தையே டோக்கனில் பதித்தார்கள். மற்றவர்கள் தங்கள் தொழில் சங்கத்தின் கேடயத்தைப் பதித்தார்கள். மளிகைக்காரர் சங்கத்தின் கேடயத்தில் ஒன்பது கிராம்பு. கொழுப்பு மெழுகுவர்த்திக்காரர்களுக்குப் புறா. பட்டு வியாபாரிகளுக்கு ஒரு கன்னிப் பெண்ணின் தலை. கடலையே பார்த்திராத உள்நாட்டு ஊர் ஒன்றின் கடையில் மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பு சின்னமாக இருக்கிறது. சர்க்கரைக் கூம்பும் புகையிலைச் சுருளும் அடிக்கடி வரும். பார்படோஸிலும் வர்ஜீனியாவிலும் அடிமைகளும் ஒப்பந்தக் கூலியாட்களும் விளைவித்த சரக்கு அது, இங்கே ஒரு சிரிக்கும் விளம்பரப் படம்.

காப்பிக் கடைகளின் டோக்கன்கள் தனி ரகம். லண்டனின் முதல் காப்பிக் கடை 1652-இல் கார்ன்ஹில் பக்கம் செயின்ட் மைக்கேல் சந்தில் பாஸ்குவா ரோசே தொடங்கியது. பத்து ஆண்டுக்குள் போட்டி முற்றிவிட்டது. அருகிலிருந்த எக்ஸ்சேஞ்ச் சந்தில் பெரிய துருக்கர் என்ற பலகையோடு ஒரு கடை. 1662-இல் அவர்கள் கொடுத்த செய்தித்தாள் விளம்பரம் இன்றும் இருக்கிறது: எலுமிச்சை, ரோஜா, வயலெட் மணக்கும் துருக்கிச் சர்பத், தேயிலை தரத்துக்கேற்ப ராத்தல் 6 ஷில்லிங் முதல் 60 ஷில்லிங் வரை, வரும் புத்தாண்டு அன்று வாடிக்கையாளர்களுக்குக் காப்பி இலவசம். அந்தச் சந்தில் புழங்கிய டோக்கனில் தலைப்பாகை கட்டிய சுல்தான் மூராத்தின் தலை இருக்கிறது. சுற்றிலும் ஒரு கவிதை: என்னை மாவீரன் மூராத் என்பார்கள், போன இடமெல்லாம் வென்றேன் என்று சுல்தானே பேசுகிறார். அதே சந்தின் இன்னொரு டோக்கனில் காப்பி, புகையிலை, சர்பத், தேநீர், சாக்லேட் என்று முழு விலைப்பட்டியலே இருக்கிறது, விலை மட்டும் இல்லாமல். அரசர் இரண்டாம் சார்லஸின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துருக்கி சுல்தான், அதுவும் கடை விளம்பரமாக. பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

வாசகங்களிலும் குறும்பு உண்டு. நான் வெறும் பித்தளைதான், ஆனாலும் என்னைப் போக விடுங்கள் என்று எதுகையோடு கெஞ்சும் டோக்கன் உண்டு. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பதும் உண்டு. அவசியச் சில்லறைக்காக என்று கைகட்டி நிற்பதும் உண்டு. நான் அரசருக்குப் போட்டியில்லை, வேறு வழியில்லாமல் செய்கிறேன் என்று முன்ஜாமீன் வாங்கிக்கொள்ளும் தொனி அது. 1660-களில் அரைப் பென்னி டோக்கன்கள் பெருகியபோது எண்கோணம், சதுரம், இதய வடிவம் என்று உருவமும் கூத்தாடத் தொடங்கியது.

இவற்றையெல்லாம் கடைக்காரர் தன் கொல்லையில் அடித்தார் என்று நினைக்க வேண்டாம். லண்டன் கோட்டை நாணயச்சாலையில் வேலை பார்த்த டேவிட் ராமேஜ் என்ற கைவினைஞர்தான் இந்த அச்சுகளில் பெருந்தொகையானவற்றைச் செய்தார் என்பது அறிஞர்களின் கருத்து. அரசின் நாணயச்சாலையைச் சேர்ந்த ஆளே, அரசு செய்ய மறுத்த வேலையைப் பக்கவாட்டில் செய்துகொடுத்தார். கேட்பவர் கொடுக்கும் துண்டுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கோவை. அதனால்தான் ஊர்ப் பெயர்கள் அந்தந்த ஊர்க்காரர் உச்சரித்த மாதிரியே விழுந்திருக்கின்றன.

இனி நான் தொடக்கத்தில் சொன்ன கணக்கு. ஒரு கடைக்காரர் 960 ஃபார்த்திங் டோக்கன் அடிக்கிறார் என்று வையுங்கள். முகமதிப்பு ஒரு பவுண்டு. தகட்டுக்கும் கூலிக்கும் அவர் செலவழிப்பது அதில் ஒரு பகுதி. ஒரு பென்னியை நீட்டி முக்கால் பென்னி பொருள் வாங்குபவருக்கு மீதிக்கு ஒரு டோக்கன். வெள்ளிப் பென்னி கல்லாவில் விழுந்துவிட்டது. அதில் கால் பங்குக்கான பொருளை இன்னும் கொடுக்கவில்லை. அது எப்போது திரும்பி வருகிறதோ அப்போது கொடுத்தால் போதும். அடுத்த வாரம் வரலாம், அடுத்த ஆண்டு வரலாம், கோட்டுப் பையின் ஓட்டை வழியாக விழுந்து வராமலே போகலாம். நம்மூர் பஸ்ஸில் சில்லறை இல்லாத கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறத்தில் பாக்கியைக் கிறுக்கிக் கொடுப்பார். அந்தக் கிறுக்கல் எத்தனை கைக்குத் திரும்பாமல் போயிருக்கும் என்று நமக்குத் தெரியும். எளிமையாகச் சொன்னால், டோக்கன் என்பது வாங்குபவர் கடைக்காரருக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். கடன் கொடுப்பவர் யார்? ஃபார்த்திங் கணக்கில் வாழ்பவர். ஊரிலேயே ஏழ்மையானவர் ஊரிலேயே வசதியான சிலருக்குக் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர்களிடம் கேட்டுக்கொண்டு யாரும் கடன் வாங்கவில்லை.

இதோடு ஹாரிங்டன் தகட்டை ஒப்பிட்டால் டோக்கன் பொன் என்பதையும் சொல்ல வேண்டும். தகட்டை அடித்த பிரபுவின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. மளிகைக்காரரின் கதவைத் தட்டலாம். மாற்றித் தர மறுத்தால் தெருவே அவரைப் பேசும், நாளை யாரும் அவர் கடைப் படி ஏற மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்களும் ஒருவர் டோக்கனை மற்றவர் வாங்கிக்கொண்டார்கள். அறைகள் தடுத்த பெட்டி ஒன்றில் பெயர்வாரியாகப் போட்டுவைத்து, சேர்ந்ததும் வெளியிட்டவரிடம் கொண்டுபோய் வெள்ளியாக மாற்றிக்கொள்வது வழக்கம். ஏட்டில் பற்று எழுதி வியாபாரம் நடந்த சமூகத்தில் இது புதிய பழக்கம்கூட இல்லை.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு எல்லை உண்டு. எல்லையை மிகக் கச்சிதமாகச் சொன்னவர், இந்தக் காசுகளைக் கண்டால் முகம் சுளித்த ஜான் ஈவ்லின். பதக்கங்கள் பற்றி 1697-இல் வெளியிட்ட நூலில், அந்த அராஜக நாட்களில் மதுக்கடையும் குடிசைக்கடையும் கூடத் துணிந்து அடித்த டோக்கன்கள் அடுத்த ஒன்றிரண்டு தெருவைத் தாண்டியது அரிது என்கிறார். பிற்காலத்தில் பண்டிதர்கள் இவற்றுக்குப் பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்வார்கள் என்று ஒரு கேலியும் உண்டு. கேலி பலித்துவிட்டது. லாம்பெத்தில் வினிகர் தயாரித்துப் பணக்காரரான ஹென்றி பியூஃபாய் லண்டன் டோக்கன்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நகராட்சியின் கில்டுஹாலுக்குக் கொடுத்தார். அதற்கு ஒரு தடித்த பட்டியல் நூலும் வந்தது. ஒரு வியாபாரியின் காசை இன்னொரு வியாபாரி காப்பாற்றினார்.

இரண்டு தெருவுக்குள் செல்லும் காசுக்கு, அந்த இரண்டு தெருவே இல்லாமல் போனால்? 1666 செப்டம்பர் 2 அன்று புடிங் சந்தில் ஒரு ரொட்டிக்கடையில் பற்றிய தீ நான்கைந்து நாட்களில் 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் விழுங்கியது. ரோசேயின் செயின்ட் மைக்கேல் சந்தும் எக்ஸ்சேஞ்ச் சந்தும் அதில் போயின. பெருந்தீயைப் பற்றிப் பேசுபவர்கள் எரிந்த கதீட்ரலைப் பேசுவார்கள், பர்மேசான் பாலாடைக்கட்டியைத் தோட்டத்தில் புதைத்த நாட்குறிப்புக்காரர் பீப்ஸைப் பேசுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. மூர்ஃபீல்ட்ஸ் திடலில் கூடாரம் போட்டுக் கிடந்த ஆயிரக்கணக்கானவர்களின் மடியில், இல்லாத தெருவின் இல்லாத கடையின் டோக்கன்கள் எத்தனை இருந்திருக்கும்? கடைக்காரர் எந்தப் பக்கம் ஓடினாரோ, பிழைத்தாரோ இல்லையோ. அவர் நாணயமானவராகவே இருந்தாலும் என்ன பயன், வெள்ளி வைத்திருந்த பெட்டியே உருகியிருக்கும். அந்தக் கடன்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சில ஊர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தன. தனியாரின் கையில் விடாமல் நகரமே வெளியிட வேண்டும் என்று 1652-இல் பிரிஸ்டலும் ஆக்ஸ்ஃபோர்டும் நகராட்சி ஃபார்த்திங் அடித்தன. பிரிஸ்டலின் ஃபார்த்திங்கில் ஊர்ச் சின்னமான கோட்டையும் கப்பலும் இருக்கின்றன. வேறு சில ஊர்களில் ஏழைகளைப் பராமரிக்கும் அதிகாரிகள் வெளியிட்டார்கள். திரும்பி வராத காசின் லாபம் குறைந்தது ஏழை நிவாரணத்துக்குப் போகும் என்பது ஏற்பாடு. என்னைக் கேட்டால் மொத்தக் கூத்திலும் ஒழுங்கான யோசனை இதுதான். சேகரிப்பாளர்களிடம் இதற்கு மவுசு குறைவு. இதில் இதய வடிவமும் இல்லை, சுல்தானும் இல்லை.

இரண்டாம் சார்லஸ் 1660-இல் அரியணைக்குத் திரும்பினார். திரும்பியும் பன்னிரண்டு ஆண்டுகள் யோசித்தார். 1672 ஆகஸ்ட் 16 அன்று பிரகடனம் வந்தது: இனி அரசே செம்பில் அரைப் பென்னியும் ஃபார்த்திங்கும் வெளியிடும், தனியார் டோக்கன் கூடாது. இந்தமுறை தகடு அல்ல. ஃபார்த்திங் ஒவ்வொன்றும் ஐந்து கிராமுக்கு மேல், கையில் வைத்தால் காசு என்று தெரியும். வெட்டிய செம்பு வட்டங்களைச் சுவீடனிலிருந்து தருவித்தார்கள். ஒரு பக்கம் அரசர், மறுபக்கம் ஈட்டியும் ஒலிவக் கிளையும் ஏந்தி உட்கார்ந்த பிரிட்டானியா, நாட்டையே பெண்ணாக உருவகித்த உருவம். அந்த உருவுக்கு நின்றவர், அரசர் துரத்தித் துரத்திக் காதலித்தும் இணங்காத பிரான்சஸ் ஸ்டூவர்ட் என்பது வழிவழியாக வரும் பேச்சு. கடைக்காரர்கள் உடனே அடங்கிவிடவில்லை. செஸ்டர் பக்கம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள், அரசும் 1674 வரை எச்சரிக்கை விட்டுக்கொண்டிருந்தது. ஆனால் நல்ல காசு போதிய அளவு வந்ததும் டோக்கனுக்கு வேலை இல்லாமல் போனது. கல்லாவில் மிஞ்சியவை பழைய பித்தளை விலைக்குப் போயின. அவற்றைக் கையில் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் கதவைத் தட்டி வெள்ளி வாங்கினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அரசு திருந்திவிட்டது என்று எழுதி முடிக்க ஆசைதான். முடியவில்லை. 1684-இல் அதே இரண்டாம் சார்லஸ் செம்பை விட்டுவிட்டு வெள்ளீயத்தில் ஃபார்த்திங் அடித்தார். கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு வியாபாரம், கஜானாவுக்குக் கூடுதல் லாபம். கள்ள அச்சைத் தடுக்க நடுவே ஒரு செம்புத் துண்டைப் பொதிந்தார்கள். 1636-இன் பித்தளைத் துண்டுக்கு உறவினர் இந்தச் செம்புத் துண்டுதான். விளிம்பில் நாணயத்தின் பணியாள் என்று லத்தீனில் எழுதி, ஆண்டையும் அங்கேயே பொறித்தார்கள். வெள்ளீயமும் செம்பும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிக்கும் என்பதை யோசிக்கவில்லை. காசு கறுத்துப் பொரிந்து உதிர்ந்தது. மூன்று ஆட்சிகள் அதிலேயே காலம் தள்ளிய பிறகு 1690-களில்தான் மறுபடி செம்புக்கு வந்தார்கள். இன்று சந்தையில் முகம் தெளிவாகத் தெரியும் வெள்ளீய ஃபார்த்திங் ஒன்றை வாங்க நல்ல விலை கொடுக்க வேண்டும். மளிகைக்காரர்களின் பித்தளை அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கிறது, மனைவியின் முதலெழுத்தோடு.